தண்ணீர் டேங்க் இழுத்த ஜீப்

மாந்தோப்புக்குத் தண்ணீர் டேங்க் இழுத்துவந்த கிழட்டு ஜீப்புக்குப் பக்கத்தில், முதலாளி புது ஹைபிரிட் காரை வாங்கி நிறுத்தினார்.

"என்ன பெருசு, லிட்டருக்கு எவ்ளோ குடுக்கிறே?" என்றது கார்.

"ஒம்பது."

"நான் இருபத்தஞ்சு. ரெண்டு வண்டிக்குச் செலவு கட்டாதாம். ஒண்ணை வித்துடுவாராம்."

ஜீப் தண்ணீர் டேங்கைத் திரும்பிப் பார்த்தது. "டேங்கை நீ இழுப்பியா?"

"ஐந்நூறு கிலோவுக்கு மேலன்னா என் இடுப்பு போயிடும்."

"அது ரெண்டாயிரம் கிலோ, தம்பி!" ஜீப் வாய்விட்டுச் சிரித்தது. தோப்பு இருக்கும்வரை தன்னை யார் அசைக்க முடியும்?

மறுவாரம் தரகர் வந்தார். ஜீப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்காததில் அதற்குப் பெரும் நிம்மதி. அவர் நேராக முதலாளியிடம் போனார்.

"தோப்புக்கு நல்ல விலை படிஞ்சிருக்கு சார்" என்றார்.