சபையில் ஒரு புத்தகம்

"இந்த புக்க யாரு மேடம் பொண்ணு கையில குடுத்தது?"

வாசலில் எழுந்த குரலைக் கேட்டு, நூலக அறையில் வாசித்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டென்று தலைதூக்கினார்கள். வெள்ளை வேட்டி, வெயிலில் கறுத்த முகம், கையில் சுருட்டிப் பிடித்த புத்தகத்தோடு ஒருவர் நின்றிருந்தார்.

அட்டையைப் பார்த்ததுமே நூலகப் பொறுப்பிலிருந்த ஆசிரியை ஸ்ரீதேவிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சட்டத்தை விளக்கும் புத்தகம். பத்தாம் வகுப்பு யாமினி எடுத்துப் போனது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வராத மனிதர், சண்டை போட மட்டும் வந்துவிட்டார் என்று நினைத்தபடியே ஸ்ரீதேவி பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான்தாங்க குடுத்தேன். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. அதற்குள் சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் சடகோபன் ஓடி வந்துவிட்டார். ஆந்திர எல்லையில் நகரியை ஒட்டிய அந்த ஊர்த் தமிழ்ப் பள்ளிக்குப் புதுப் புத்தகப் பெட்டி வந்து இறங்கிய அன்றே அவர் சொல்லியிருந்தார்: "வானம், ராக்கெட்டு, பாம்பு, இதெல்லாம் குடும்மா. சட்டம், உடம்புன்னு இருக்கறத பீரோவுல வெச்சுப் பூட்டிடு. ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க."

ஸ்ரீதேவி பூட்டவில்லை. இப்படி விவரமான புத்தகங்கள் தமிழில் அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வருவதே அபூர்வம். வந்ததை இருட்டில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பாத்தியா, சொன்னேன் இல்ல?" என்று அவளிடம் முணுமுணுத்த சடகோபன், வந்தவரைப் பார்த்துக் கை கூப்பினார். "கோவப்படாதீங்க. யாமினி விஷயந்தானே? இவங்க புதுசா வந்த டீச்சர். தெரியாம குடுத்துட்டாங்க."

"தெரிஞ்சுதான் சார் குடுத்தேன்." ஸ்ரீதேவியின் குரல் நடுங்கியது. "யாமினி எங்க? என்ன ஆச்சு அவளுக்கு?"

"அவளுக்கு என்ன ஆவும்? எங்களுக்குத்தான் ஆச்சு." வந்தவர் ஒருவழியாக உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம நிச்சயம். சொந்தக்காரங்க எல்லாம் வந்து பந்தல்ல உக்காந்துக்கினு இருக்காங்க. பையன் ஸ்ரீசிட்டியில கம்பெனி வேல. நல்ல பையன். தட்டு மாத்தப் போற நேரம், பொண்ணு உள்ள இருந்து வந்தா. பட்டுப் பொடவ, தல நெறைய பூவு, கையில இந்த புக்கு."

சடகோபன் புத்தகத்தின் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"'எனக்குப் பதினாறு வயசுதான் ஆவுது. இதுல போட்டிருக்கறத எல்லாரும் ஒரு வாட்டி கேளுங்க'ன்னு சொல்லிட்டு, சபை நடுவுல நின்னுக்கினு படிக்க ஆரம்பிச்சுட்டா. பதினெட்டு ஆவாம பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணா ஜெயிலாம். பெத்தவங்களுக்கும் உண்டாம், தாலி கட்றவனுக்கும் உண்டாம், முன்ன நின்னு நடத்தி வெக்கிற பெரிய மனுசனுக்கும் உண்டாம். டென் நைன் எயிட்டுக்கு போன் பண்ணா ஆபீசருங்க வந்து நிறுத்துவாங்களாம்."

"யாரும் தடுக்கலையா?" என்றார் சடகோபன்.

"ஒரு பெரியவரு 'புக்க புடுங்குடா'ன்னு கத்தினாரு. அவ அசையல. நேரா என்கிட்ட வந்தா. 'நம்பிக்க இல்லன்னா நீங்களே படிச்சிப் பாருங்க'ன்னு என் கையில குடுத்துட்டா. அத்தினி பேரு பாக்கறாங்க. வாங்கிக்கினேன்."

"அடிச்சீங்களா?" ஸ்ரீதேவி பதறினாள்.

"சேச்சே. கோவம் வந்துது, இல்லன்னு சொல்லல. மானமே போச்சேன்னு சோறு துன்னப் புடிக்கல. அப்புறம், அப்படி என்னதான் போட்டிருக்குன்னு பிரிச்சேன். ரெண்டு நாளா இதே வேல. முழுசாப் படிச்சேன். அவ படிச்சதுல ஒரு எழுத்து தப்பில்ல." அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "கொரலு நடுங்கல மேடம். இப்ப உங்களுக்கே நடுங்கிச்சு. அவளுக்கு நடுங்கல!"

ஸ்ரீதேவி சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"அப்ப கல்யாணம்?"

"நேத்து ரெண்டு வூட்டு ஆளுங்களையும் உக்கார வெச்சு நானே பேசி முடிச்சுட்டேன். இனிமே அந்தப் பேச்சே கெடையாது. அவ எவ்ளோ படிக்கிறாளோ படிக்கட்டும். நாளைக்கு ஸ்கூலுக்கு வருவா."

சடகோபனின் முதுகு தானாக நிமிர்ந்தது. "எங்க ஸ்கூல் பொண்ணாச்சே! இதுக்குத்தாங்க எந்த புக்கையும் நாங்க பூட்டி வெக்கிறதே இல்ல."

ஸ்ரீதேவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு வந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படி ஒரு பொண்ணப் பெத்ததுக்கு நீங்க நெஞ்ச நிமித்திக்கினு நடக்கலாம்."

"நான் பெக்கல சார்," என்றார் அவர். "என் பேரு பச்சையப்பன். புத்தூர்லேருந்து வரேன், மாப்பிள்ளையோட நைனா. என் சின்னப் பொண்ணு எட்டாவது படிக்கிறா. நாளைக்கு எவனாவது என் வூட்டுக்குத் தட்டு தூக்கிக்கினு வந்தா, அவளும் இதே மாதிரி எழுந்து நின்னு படிக்கணும். இந்த புக்கு எங்க கெடைக்கும் மேடம்?"