தெற்குப் பார்த்த கண்ணாடி

"தம்பி, இதுக்குப் பேரு வெந்நின்னா, எங்க கெணத்துல கெடக்கிறது என்ன, பாயாசமா?"

வாளிக்குள் முழங்கை வரை விட்ட கையை வெளியே எடுக்காமலே கேட்டார் சௌந்தரபாண்டியன். ஜமால் முகமதுவும் கையை விட்டுப் பார்த்தான். மாசி மாத வெயில் அன்றைக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரை அப்பளமாகப் பொரித்தெடுத்திருந்தது. அந்த வெயிலில் பகல் முழுக்கக் கிடந்த சூரியப் பெட்டியிலிருந்து வந்த தண்ணீரோ, பிளவக்கல் அணையில் அப்போதுதான் மதகைத் திறந்தது போலச் சில்லிட்டது.

"நாளைக்குப் பாப்பம் அண்ணாச்சி" என்றான் ஜமால்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டியதிலிருந்து அது நான்காவது 'நாளைக்கு'. மறுநாள் வெள்ளி. அதுதான் கெடு.

ராஜபாளையத்து நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த வேலையை உதறிவிட்டு, சூரிய வெப்பத்தில் தண்ணீர் சுட வைக்கும் இந்தப் பெட்டிக்கு ஏஜென்சி எடுத்தவன் ஜமால். ஊரில் முதல் பெட்டி இந்த வீட்டு மொட்டை மாடியில்தான். அதை ஏற்றுவதற்குள் சௌந்தரபாண்டியன் எட்டு நாள் குறுக்கு விசாரணை நடத்தினார். ஆணி அடித்தால் தளம் ஒழுகுமா, தொட்டியின் பாரத்தில் உத்தரம் இறங்குமா, ஆடிக் காற்றில் பெட்டி பறந்து மம்சாபுரத்தில் விழுந்தால் எடுத்து வருவது யார், மலைக்குரங்கு கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துக் கோபித்துக்கொண்டால் யார் சமாதானம் சொல்வது, ஐப்பசி முழுக்க மேகம் மூடினால் யாரிடம் போய் முறையிடுவது. அத்தனைக்கும் ஜமால் பதில் வைத்திருந்தான்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மாடியில பாதி போயிருமே தம்பி?"

"வெறகுப் பொகையும் சேந்து போயிரும்ல, மதினி" என்று அவளையும் சமாளித்தான்.

சௌந்தரபாண்டியனின் இடுப்பு வலிக்கு வெந்நீர்க் குளியல் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஒருவழியாகச் சம்மதித்தார். தெருவில் இன்னும் ஒன்பது வீட்டுக்காரர்கள், முதலில் இங்கே கொதிக்கட்டும், பொறவு எங்களுக்கு என்று காத்திருந்தார்கள். அந்த ஒன்பது பேருக்கும் முன்னால், வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் சுடாவிட்டால் நானே கழற்றிக்கொண்டு போகிறேன் என்று ஜமால் வாயை விட்டிருந்தான். கழற்றினால் ஏஜென்சி அதோடு முடிந்தது. மில்லுக்கும் திரும்ப முடியாது. திரும்பி வந்தால் விளக்கமாறோடு வா, கூட்டுகிற வேலைதான் இருக்கும் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கே கோளாறு என்பதுதான் பிடிபடவில்லை. சௌந்தரபாண்டியன் எட்டு மணி பஸ்ஸில் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவார். ஆம்பளை இல்லாத வீட்டில் அயலான் மாடியேறுவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. ஜமாலும் அந்த மரியாதை தெரிந்தவன். அதனால் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை. குழாயில் அடைப்பில்லை. மூட்டில் கசிவில்லை. வெயிலை வாங்கும் கண்ணாடிப் பெட்டி இரண்டும் தெற்குப் பார்த்து, லேசான சாய்வில் ஜம்மென்று இருந்தன. அங்கங்கே வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு காய்ந்திருந்தது. விருதுநகர் மாவட்டத்துக் காக்காய் மொத்தமும் இங்கேதான் எச்சமிடுகிறது என்று சபித்துக்கொண்டே கைக்குட்டையால் சுரண்டித் துடைத்தான்.

மாலையில் கீழே இறங்கியதும் ஆவுடையம்மாள் காப்பியும் ஒரு தட்டு நிறையப் பொரித்த வத்தலும் வைப்பாள். "இடுப்பு வலிக்கார மனுசனுக்கு ஒரு சொம்பு வெந்நிக்கு வழியில்லையே" என்று கூடவே ஒரு குத்து. கவலையில் ஜமாலுக்கு வத்தலும் ஒன்றுதான், வைக்கோலும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மலைமேல் உள்ளங்கை அளவுகூட மேகமில்லை. ஜும்ஆ தொழுகையில் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை ஜமால். ஒரு வாளி வெந்நீர் மட்டும் கேட்டான்.

ஐந்தரைக்குக் குழாயடியில் தெருவே நின்றது. சௌந்தரபாண்டியன் வாளிக்குள் கையை விட்டார். இந்தத் தடவை கேலி பேசவில்லை. கையை எடுத்துத் துண்டில் மெல்லத் துடைத்தார்.

"கழட்டிருங்க தம்பி" என்றார்.

ஒன்பது வீட்டு ஆண்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஜமால் ஸ்பேனரோடு மாடியேறினான். முதல் நட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். இரண்டாவது நட்டில் ஸ்பேனரை வைக்கையில், ஆவுடையம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்து கண்ணாடிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு ஞானபாக்கியமும் எதிர் வீட்டு சண்முகத்தாயும் வந்தார்கள்.

"தொட்டியக் கொண்டு போங்க, கொழாயக் கொண்டு போங்க, தம்பி. இந்தக் கண்ணாடிப் பொட்டி ரெண்டையும் மட்டும் தொடாதீக" என்றாள் ஆவுடையம்மாள். "மண்ணு ஒட்டல, எறும்பு ஏறல. காலையில நீங்களும் அவியளும் போனதும் வேட்டிய விரிச்சு இதுமேல வத்தலப் பிழிஞ்சா, சாயந்தரம் நீங்க வாரதுக்குள்ள சுக்காக் காஞ்சிருது. ஒம்போது வீட்டுக்காரிகளும் ஆளுக்கு ஒண்ணு கேக்காக."