ஓரகத்தியின் பேட்டி

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தெருவில் நடந்த கொலையைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர்கள், தையல்காரியின் ஓரகத்தியை மூன்று மணி நேரம் பேட்டி கண்டார்கள். தையல்காரியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் கோர்ட்டில் இருவருமே சாட்சி. அந்தச் சாட்சியத்தால் எதிர்வீட்டு டிரைவர் இன்னும் ஜெயிலில் இருக்கிறான்.

ஞாயிறு மதியம் குடும்பமே டி.வி. முன் உட்கார்ந்தது. ஓரகத்தி திரையில் சிரிக்கச் சிரிக்க, தையல்காரிக்கு வயிறு எரிந்தது.

அடுத்து வந்தது தையல்காரியே.

"நான் அவனைப் பாக்கவே இல்ல. போலீஸ் சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்" என்றாள், திரையில்.

உண்மைதான். ஆனால் அதை அவள் எந்தக் கேமரா முன்னாலும் சொன்னதில்லை; புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

எல்லோரும் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓரகத்திக்குத்தான் முகம் சுருங்கியது.

"உங்களை எப்பக்கா வந்து எடுத்தாங்க? என்னைவிடப் பளிச்சுனு இருக்கீங்க!"

திரையில் தையல்காரி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.