வாத்தியாருக்க மகன்

"இது நீங்க இல்லையே, தம்பி."

டிக்கெட் பரிசோதகர் ஸ்ரீகுமார் ஆதார் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அட்டையில் இருந்தவனுக்கு உப்பிய கன்னம், தலை நிறைய முடி. எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு இரண்டும் இல்லை.

"நான்தான் சார். எட்டு மாசமா சுகமில்ல. மருந்துல முடி போச்சு."

"எபிசன், தகப்பனார் ரசலையன், இரணியல்." ஸ்ரீகுமார் உரக்க வாசித்தார். "போன வாரம் ஒருத்தன் இப்படித்தான், அண்ணனுக்க கார்டக் காட்டிட்டு வந்தான். வேற ஏதாவது இருக்கா? லைசன்ஸ், பான் கார்டு?"

"வீட்டுல இருக்கு. அதிலயும் பழைய மூஞ்சிதான் சார்."

"அப்ப வள்ளியூர்ல எறங்கிருங்க."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு சென்னையில இண்டர்வியூ சார். எட்டு மாசத்துல இது ஒண்ணுதான் கூப்பிட்டிருக்கு. எறங்கினா அதுவும் போச்சு." எபிசன் குரலை உயர்த்தவில்லை. "நான் நான்தான்னு இனி யாருக்கிட்ட போய் எழுதி வாங்க?"

"பேரு சொல்லாம போகணும்னா ஜெனரல் பெட்டி இருக்கு. இங்க சார்ட்டுல உள்ள ஆளுதான் இருக்கணும்."

பக்கவாட்டு இருக்கையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் எட்டிப் பார்த்தார்.

"ஆதார் போட்டோவுல யாரு சார் யாரு மாதிரி இருக்கா?" என்றவர், எபிசனை உற்றுப் பார்த்தார். "ஏலே மக்கா, நீயா? இப்படி உருகிப் போயிட்டியே. சார், இது நம்ம ரசலையனுக்க மகன்லா."

ஸ்ரீகுமார் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"இத்தினி பொடியா இருக்கும்போதே தெரியும்."

"எந்த ரசலையன்? கணக்கு வாத்தியாரா இருந்தாரே, அவரா?"

"அவரேதான்."

"சர்ச்சுக்குப் பின்னால ஓட்டு வீடு?"

"பின்னே?"

"ஒரு மகளத் திங்கள்சந்தையில கெட்டிக் குடுத்திருக்கு, இல்லியா?"

"குடுத்துப் பத்து வருசமாச்சே."

ஸ்ரீகுமாரின் முகம் மலர்ந்தது. எபிசனின் பக்கத்தில் பாதி உட்கார்ந்தேவிட்டார்.

"எனக்க மாமா அவருகிட்ட அடி வாங்கிப் படிச்ச ஆளு. வாத்தியாருக்க மகன்னு மொதல்லயே சொல்லப்பிடாதா தம்பி? அப்பா சுகமா இருக்காரா?"

எபிசன் பக்கவாட்டு இருக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "சுகம் சார்."

"உங்களுக்கு வைத்தியம் எங்க காட்டினீங்க?"

"நெய்யூர் ஆசுபத்திரியில சார்."

"நல்லா சாப்பிடணும், என்ன?" அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கையிலிருந்த கருவியில் அவன் பெயரைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்த அடுத்த பெயரை வாசித்துவிட்டு, பக்கவாட்டு இருக்கையைப் பார்த்தார். "நீங்க கோலப்பன், இல்லியா?"

"ஆமா சார்."

"உங்கள மாதிரி பெட்டிக்கு ஒருத்தரு இருந்தா எனக்கு வேலை எளுப்பம்." அந்தப் பெயரையும் குறித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

ஆரல்வாய்மொழியின் காற்றாலைகள் ஜன்னலில் நகர்ந்தன. பரிசோதகரின் குரல் தூரத்தில் கேட்கும்வரை எபிசன் காத்திருந்தான். பிறகு பக்கவாட்டு இருக்கைக்கு வந்தான்.

"அண்ணே, எங்கப்பா வாத்தியாரில்ல. கொத்தனாரு. எனக்கு அக்காவும் கெடையாது."

"இருக்கட்டும் மக்கா. ரசலையன்னு வாசிச்சதும் அவரு, வாத்தியாருன்னு சொன்னதும் அவரு. நான் தலைதான் ஆட்டினேன்."

"அப்ப என்னைய உங்களுக்குத் தெரியாதா?"

"இப்பந்தான பாக்கேன்."

"பின்ன எதுக்கு எனக்காக இவ்வளவு பொய்?"

"உனக்காகன்னு யாரு சொன்னா?" அவர் மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார். "உனக்கு அடுத்தாப்ல என்கிட்டதான கார்டு கேப்பாரு. இந்த டிக்கெட்டுல உள்ள கோலப்பன நான் கண்டதே இல்ல."