காயும் துண்டு

கடல் தாண்டி வந்தும், மகன் படிக்கும் கல்லூரிக்குள் அவர்களை விடவில்லை. வளர்ந்த பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்களிடம்கூட எதுவும் சொல்ல முடியாது என்று கல்லூரி அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். கோடையிலிருந்தே அவன் போனை எடுக்கவில்லை. ஊர் பார்க்க வந்தவர்களை இலவசமாக உள்ளே கூட்டிப்போகும் கும்பலில், பசிக்கு வாங்கிய வெறும் ரொட்டி பைக்குள் இருக்க, சங்கரவடிவும் அவள் கணவர் பலவேசமும் சேர்ந்துகொண்டார்கள். முற்றத்தில் ஒரு வெண்கலச் சிலை. அதன் பாதத்தைத் தேய்த்தால் நினைத்தது நடக்குமாம். எல்லோரும் சிரித்துக்கொண்டே தேய்த்தார்கள். சங்கரவடிவு மட்டும் சில்லிட்ட கல்தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். மூன்றாம் மாடி ஜன்னலில், அவள் மடித்துக் கொடுத்தனுப்பிய சிவப்புக் கட்டம் போட்ட துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“ஏ ஐயா! மாசானம்! அம்மா வந்திருக்கேன்யா!”

ஒரு கை வெளியே வந்தது. துண்டை உள்ளே இழுத்துக்கொண்டது. ஜன்னல் சாத்திக்கொண்டது.

கும்பல் அடுத்திருந்த கோபுரத்தைப் பார்க்க நகர்ந்தது. பலவேசம் குனிந்து செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்தார்.

“ஏளா, அது அவன் துண்டு இல்ல,” என்றார், அந்த ஜன்னலைப் பார்த்தபடியே.