கை தூக்காதவள்

கேள்வியை நான் முடிப்பதற்குள் வகுப்பில் அத்தனை கைகளும் மேலே போயின. பின்வரிசையில் தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் ஜிபெக் அம்மையார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கை தூக்காதவள் ஒருத்திதான், சன்னலோரம் இருந்த சல்தனத்.

திரையில் ஒரு செய்தி. குதிரைப்பால் குடிப்பவர்களுக்கு ஆயுள் முழுக்கக் கண்ணாடியே தேவைப்படாது என்று ஜெர்மன் அறிஞர்கள் கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

"நீ சொல்லு, நுர்தீன்."

"பொய், அகாய். எந்த அறிஞருன்னு பேரில்ல. தேதி இல்ல. கீழ பத்துப் பேருக்கு அனுப்புன்னு வேற போட்டிருக்கு."

எங்கள் ஊரில் ஆசிரியரை அகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆய்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. என் சட்டைக்குள் வியர்வை.

எங்கள் கோச்கோர் ஊரில் மட்டுமில்லை, ஆய்வாளர் வந்து பார்க்கும் திறந்த பாடத்தை எங்கள் நாட்டில் எந்த ஆசிரியரும் ஒத்திகை பார்க்காமல் நடத்துவதில்லை. என் பாடமோ, கண்ணில் படும் செய்தியையெல்லாம் நம்பாமல் சுயமாக யோசிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம். ஆகவே யார் எதைச் சந்தேகப்பட வேண்டும், எந்த வார்த்தையில் சந்தேகப்பட வேண்டும் என்று ஆளுக்கொரு வரி பிரித்துக் கொடுத்து, இரண்டு வாரமாக மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். 'நான் சொந்தமாக யோசித்தேன்' என்ற வரி பெக்தெமிருக்கு. அவன் குரல் கணீரென்று இருக்கும்.

பாடத்தையும் நான் எழுதவில்லை. எல்லா ஆசிரியர்களும் எடுக்கிற இணையதளத்திலிருந்து இறக்கியது. கடைசிப் பக்கம் நீளமாகத் தெரிந்ததால், ஒரு புரட்டு புரட்டிவிட்டு அதை விட்டுவிட்டேன்.

சல்தனத் முந்தின நாள்தான் ஏரிக்கரைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாறி வந்திருந்தாள். ஒத்திகை எதிலும் இல்லாதவள். "நீ மட்டும் நாளைக்குக் கை தூக்காத, என்ன?" என்று சொல்லி வைத்திருந்தேன். "சரி, அகாய்" என்றாள்.

இவ்வளவு முன்னேற்பாட்டுக்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை தகுதி உயர்வில் தவறியவன் நான். இந்த முறையும் தவறினால் பாடம் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினேன். அவசரத்தில் எதை அழுத்தினேனோ, திரையில் எங்கள் பள்ளியின் மணியடிக்கும் நேர அட்டவணை வந்து நின்றது. பெக்தெமிர் திரையைப் பார்க்கவில்லை. அவன் முறை வந்துவிட்டது, எழுந்துவிட்டான்.

"இது சுத்தப் பொய், அகாய். இத எழுதினவருக்கு இதுல என்ன லாபம்னு நாம கேக்கணும். நான் சொந்தமா யோசிச்சுத்தான் சொல்றேன்."

"ஆமா, அகாய், பொய்" என்றது வகுப்பு, ஒரே குரலில். அட்டவணையின் கீழே கையெழுத்துப் போட்டிருந்த தலைமையாசிரியர் இருமினார்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "ஏம்ப்பா, மணியடிக்கிற நேரம் எப்படிப் பொய்யாகும்?"

பெக்தெமிர் என்னைப் பார்த்தான். "அதுக்கு நீங்க எனக்கு வரி ஒண்ணும் குடுக்கலையே, அகாய்" என்று உதட்டுக்குள் முனகினான். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் கழுத்தில் விசிலோடு என் மேசையில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் சல்தனத் எழுந்து நின்றாள். கை தூக்கவில்லை.

"அகாய், இவ்வளவு நேரம் எது பொய், எது உண்மைன்னு நீங்கதான் சொன்னீங்க. நீங்க சொல்றது உண்மைன்னு நாங்க எப்படி நம்பறது?"

எனக்குள் ஏதோ ஒன்று உடைந்து திறந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வார்த்தைகள் தாமாக வந்தன.

"நம்பாத, மகளே. என்னையும் நம்பாத. போய் நீயே விசாரிச்சுப் பாரு."

ஆய்வாளர் எழுந்து நின்றுவிட்டார். "இருபது வருசமா திறந்த பாடம் பாக்கறேன். எல்லாம் கிளிப்பிள்ளைங்க. யோசிக்கிற பிள்ளை ஒண்ண இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்களுக்குத் தகுதி குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

அவரை வழியனுப்பிவிட்டு வந்தபோது என் கண் கலங்கியிருந்தது, தகுதிக்காக இல்லை. இந்த அலைபேசிக் காலத்திலும் ஒரு பிள்ளை தானாக யோசிக்கிறதே என்றுதான். ஆய்வாளர் விருந்துக்கென்று எண்ணெயில் பொரித்ததில் மிச்சமிருந்த போர்சோக் மாவுத்துண்டுகளைத் தட்டோடு கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"கை தூக்காதன்னு சொல்லியும் எழுந்தியே, நல்ல வேல பண்ணின. அந்தக் கேள்வி எப்படிம்மா உனக்குத் தோணுச்சு?"

சல்தனத் ஒரு போர்சோக்கை வாயில் போட்டு மென்றாள். "போன மாசம் பழைய பள்ளியிலயும் இதே திறந்த பாடம்தான், அகாய். கடைசிப் பக்கத்துல அது என் வரி. நீங்க பேசாம நின்னதும், எனக்காகத்தான் காத்துட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்."

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, ஆறுதலாகச் சொன்னாள்:

"பயப்படாதீங்க, அகாய். நீங்களும் உங்க வரிய அப்படியேதான் சொன்னீங்க."