அண்ணன் வீட்டுக் கரைச்சுவர்

“உன் சுவத்துல மோதுற தண்ணி ஆவியாப் போயிடுமாக்கும்? என் பக்கம்தானே திரும்பும்ணே!” “அப்ப நீயும் கட்டு. உன் கையவா புடிச்சிருக்கேன்?” “எம் புருஷன் படுக்கையில கெடக்கறப்ப நான் கல்லு வாங்கிட்டு இருப்பனா?” ஏரியோரத்தில் அப்பா விட்டுப்போன மனையைப் பாதியாகப் பிரித்து வீடு கட்டிக்கொண்ட அண்ணனும் தங்கையும் இவர்கள். நடுவில் நூல்கயிற்றைப் பிடித்தபடி நான் நிற்கிறேன். கரைச்சுவர் கட்டுவதுதான் என் தொழில். ஈரக் கற்களின் மேல் சாயங்கால வெயில் கிடக்கிறது. ஒரு படகு கடந்து போகிறது. அதன் அலை அண்ணனின் பாதிச் சுவரில் மோதித் திரும்பி, தங்கையின் வெறும் கரையில் புகுந்து, ஒரு கூடை மண்ணைச் சரித்துக்கொண்டு போகிறது. மூன்று பேரும் அதைப் பார்க்கிறோம். சண்டை அப்படியே நின்றுவிடுகிறது. அவள் தன் சமையலறைக் கதவிலிருந்து கரை விளிம்புவரை அடி வைத்து அளக்கிறாள். “ஏழு. மழைக்கு முன்னாடி பதினொண்ணு இருந்துச்சுண்ணே.” அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கரை அரித்ததில் அவர் வீட்டுச் சுவரிலும் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருக்கிறது. “நீங்க கட்டுங்க மேஸ்திரி,” என்கிறார். அடுத்த கல் என் கையில் இருக்கிறது. வைத்தால் அவள் வீடு போகும், வைக்காவிட்டால் அவர் வீடு. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து கீழே எழுதுங்கள்.